வெளுத்ததெல்லாம் பிர்ச் அல்ல

வாசகர் கேள்வி – பதில்

குளிர்நாட்டு மரங்கள் பற்றிய குறிப்பொன்றில் 'பிர்ச்' என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டோம். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளில் பாதி மரத்தைப் பற்றியவை, மீதி அந்தப் பெயரைப் பற்றியவை. இரண்டையும் பிரிக்காமல் வந்த வரிசையிலேயே தருகிறோம்.

பிர்ச், பீச், பூர்ஜம் மூன்றும் ஒரே மரமா? மொழிபெயர்ப்புகளில் மாறி மாறி வருகின்றனவே?

பிர்ச்சும் பூர்ஜமும் ஒன்று. பீச் வேறு மரம். 'பெட்டுலா' என்ற பேரினத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பிர்ச். வகைப்படுத்துபவர் எப்படிப் பிரிக்கிறார் என்பதைப் பொறுத்து அதில் 30 முதல் 60 சிற்றினங்கள் வரை சொல்வார்கள். ஆல்டர், ஹேசல், ஹார்ன்பீம் ஆகியவை அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பீச் மரமோ 'ஃபேகஸ்' பேரினம், ஓக்கின் குடும்பம். தமிழில் எழுதும்போது கடற்கரையும் இடையில் வந்து புகுந்துகொள்வதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

அறுத்த பலகையை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. பீச் பலகையில் எள்ளை நீளவாக்கில் தூவியதுபோல் குட்டையான பழுப்புக் கீற்றுகள் கண்ணுக்கே தெரியும். பிர்ச் பலகையில் அவை தெரியாது. பரப்பு ஏறக்குறைய வெறுமையாக, வெளிறிய மஞ்சளாக இருக்கும்.

சமஸ்கிருதத்தின் 'பூர்ஜ', ரஷ்ய மொழியின் 'பெரியோஸா', லித்துவேனியத்தின் 'பெர்ஷாஸ்', ஜெர்மனின் 'பிர்கெ', ஆங்கிலத்தின் 'பிர்ச்' ஆகிய ஐந்தும் ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள். 'ஒளிர்தல், வெண்மை' என்பதே அதன் வேர்ப்பொருள். அதே வேரில் பிறந்ததாகக் கருதப்படும் லத்தீன் 'ஃப்ராக்ஸினஸ்' மட்டும் ஆஷ் மரத்தைக் குறிக்கிறது. பெயர் ஒரு மரத்தை விட்டு இன்னொரு மரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அவ்வளவு பழையது.

'வெள்ளை பிர்ச்' என்று தேடினால் மூன்று புத்தகங்களில் மூன்று அறிவியல் பெயர்கள் வருகின்றன. எது சரி?

மூன்றும் சரியே. வட அமெரிக்கப் புத்தகம் 'பெட்டுலா பாப்பிரிஃபெரா'வைச் சொல்லும். பட்டை காகிதம்போல் உரியும் மரம் அது. பட்டையால் படகு கட்டியதால் 'கேனோ பிர்ச்' என்றும் பெயர். ஜப்பானிய, சீனப் புத்தகம் 'பெட்டுலா பிளாட்டிஃபில்லா'வைச் சொல்லும். ஐரோப்பியப் புத்தகம் 'பெட்டுலா பெண்டுலா'வைச் சொல்லலாம், 'பெட்டுலா பியூபெசென்ஸ்'ஸையும் சொல்லலாம்.

ஐரோப்பாவில் இந்தக் குழப்பத்தைத் தொடங்கி வைத்தவர் லின்னேயஸ். 1753இல் அவர் 'பெட்டுலா ஆல்பா', அதாவது வெள்ளை பிர்ச், என்று ஒரே பெயர் வைத்தார். அதற்குள் இரண்டு மரங்கள் இருந்தன. பின்னால் வந்தவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய பெயர் இன்றும் அழகுசாதனக் குப்பிகளின் ஒட்டுத்தாளில் உயிரோடு இருக்கிறது. அப்படி ஒரு பெயரைக் கண்டால், உள்ளே இருப்பது இரண்டில் எது என்று அந்தப் பெயரை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

மரத்தடியில் நின்று பிரித்தறிய இளங்கிளையைத் தடவிப் பாருங்கள். பெண்டுலாவில் முடி இராது, பிசின் சுரக்கும் சிறு பருக்கள் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். பியூபெசென்ஸில் மென்மயிர் இருக்கும். அடுத்து இலை. பெண்டுலாவின் இலை முக்கோணம். அதன் ஓரத்தில் பெரிய பல்லும் அதன்மேல் சிறு பல்லுமாக இரட்டை வரிசை வெட்டு இருக்கும். பியூபெசென்ஸின் இலை சற்று உருண்டது, பற்கள் ஒரே சீராக இருக்கும். முதிர்ந்த பெண்டுலாவின் அடிமரத்தில் கறுப்பு வைர வடிவ வெடிப்புகளும் காணும். இவ்வளவு பார்த்தும் தீராத மரங்கள் உண்டு. முன்னதற்குக் குரோமோசோம் 28, பின்னதற்கு 56. இருந்தும் இவை சில இடங்களில் கலந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட மரத்தை இலையை மட்டும் பார்த்து அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நிறப் பெயர்களில் வெள்ளைக்கு மட்டுமல்ல, மற்ற நிறங்களுக்கும் இதே கதிதான். 'கறுப்பு பிர்ச்' என்றால் சிலருக்கு 'பெட்டுலா லென்டா', சிலருக்கு ஆற்றோரம் வளரும் 'பெட்டுலா நைக்ரா'. 'சிவப்பு பிர்ச்'சைப் பற்றித் தனிக் கேள்வியே வந்திருக்கிறது, கீழே பாருங்கள்.

பட்டை ஏன் வெள்ளை?

வெளிப்பட்டையின் செல்களில் பெட்டுலின் என்ற வெண்பொருள் நிறைந்திருக்கிறது. பெண்டுலாவின், அதாவது வெள்ளி பிர்ச்சின், உலர்ந்த வெளிப்பட்டையில் எடைக்கு 10 முதல் 30 விழுக்காடு வரை அதுவே இருக்கும். 1788இல் தோபியாஸ் லோவிட்ஸ் என்ற வேதியியலாளர் பட்டையைச் சூடாக்கி, ஆவியாகி மேலே படிந்த படிகங்களாக இதைப் பிரித்தெடுத்தார். தண்ணீரோடு ஒட்டாத பொருள் என்பதால் உள்ளே மரம் மக்கிப் பொடியான பிறகும் பட்டை மட்டும் குழாய்போல் நிற்கும். காட்டில் நடப்பவர்கள் உறுதியான கட்டை என்று நினைத்து மிதித்து ஏமாறுவது இதனால்தான்.

எல்லாப் பிர்ச்சும் வெள்ளையல்ல. லென்டாவின் பட்டை கரும்பழுப்பு, நைக்ராவினுடையது சுருள்சுருளாக உரியும் இளஞ்சிவப்புப் பழுப்பு. வெள்ளி பிர்ச்சேகூட இளங்கன்றாக இருக்கும்போது செம்பழுப்பாகத்தான் இருக்கும். கன்று வாங்கியவர் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று பதற வேண்டியதில்லை, சில வருடம் பொறுக்கலாம்.

பூர்ஜ பத்திரம் என்றால் இலைதானே? சுவடிகள் இலையிலா எழுதப்பட்டன?

'பத்திரம்' என்ற சொல் இலையைக் குறிக்கும். ஆனால் எழுதியது இலையில் அல்ல, பட்டையில். பிர்ச் இலை சில சென்டிமீட்டர் நீளமே இருக்கும், அதில் ஒரு வரிகூடக் கொள்ளாது. எழுதும் ஏட்டுக்கே 'பத்திரம்' என்ற பெயர் நிலைத்துவிட்டதால் வந்த மயக்கம் இது. பனையோலையைச் சொல்லும் 'ஓலை' நம் வாயில் கடிதத்தையும் குறிப்பதுபோல.

மரம் இமயத்தின் 'பெட்டுலா யூட்டிலிஸ்'. மரங்கள் வளரக்கூடிய உயர எல்லையை ஒட்டி, 4,500 மீட்டர் வரை ஏறும். கங்கோத்ரியிலிருந்து கோமுகம் போகும் வழியிலுள்ள போஜ்பாசா இந்த மரத்தால் பெயர் பெற்ற இடம். பட்டை மெல்லிய ஏடுகளாகப் பிரியும். ஒரு ஏடு தனியாக வலுவற்றது என்பதால் சில ஏடுகள் ஒன்றாக இருக்கும்படியே உரிப்பார்கள். ஏறக்குறைய 1030இல் எழுதிய அல்பிரூனி, பட்டையை ஒரு முழத்துக்கும் மேற்பட்ட நீளத்திலும் விரித்த விரல்களின் அகலத்திலும் எடுத்து, எண்ணெய் தடவி, தேய்த்து மெருகேற்றி, கெட்டியாகவும் வழுவழுப்பாகவும் ஆக்கிய பிறகு எழுதினார்கள் என்று விவரிக்கிறார்.

பனையோலையில் எழுத்தாணியால் கீறிவிட்டுக் கரி தேய்ப்பார்கள். பூர்ஜத்தில் கீறத் தேவையில்லை, பேனாவும் மையும் போதும். ஆனால் ரஷ்யாவின் நோவ்கொரோட் நகரத்தார் அதே பட்டையின் உட்புறத்தில் கூரிய கோலால் கீறித்தான் எழுதினார்கள். 1951 ஜூலை 26இல் அங்கே முதல் பட்டைக் கடிதம் மண்ணிலிருந்து கிடைத்தது. இன்று எண்ணிக்கை 1,100ஐத் தாண்டிவிட்டது. கடன் கணக்கு, வீட்டுச் சண்டை, ஒன்ஃபிம் என்ற சிறுவன் எழுத்துப் பழகிய பட்டையும் அவன் கிறுக்கிய படங்களும் அவற்றில் உண்டு.

காய்ந்த பட்டைச் சுவடிகளை எங்காவது பார்க்க நேர்ந்தால் பிரித்துப் பார்க்க முயலாதீர்கள். ஏடுகளைச் சேர்த்துப் பிடித்திருந்த இயற்கைப் பசை காலத்தால் வறண்டு, பக்கம் பக்கமாக அல்லாமல் படலம் படலமாக உரிந்து வரும். மேல் படலத்தோடு எழுத்தும் போய்விடும். 1881இல் பக்‌ஷாலியில் கிடைத்த கணிதச் சுவடியில் 70 ஏடுகளே மிஞ்சின, அவையும் முழுமையாக இல்லை.

பட்டையை உரித்தால் மரம் செத்துவிடுமா?

எந்த ஆழத்தில் உரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளியே இருப்பது செத்த தக்கைப் படலம், அதை எடுத்தால் மரம் தாங்கும். அதற்கு அடியிலுள்ள செம்பழுப்பு உட்பட்டைதான் இலை செய்த உணவை வேருக்கு இறக்கும் வழி. அதைச் சுற்றிவர வெட்டிவிட்டால் வேர் பட்டினியால் சாகும். மரம் ஒரு பருவம்வரை பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து 'ஒன்றும் ஆகவில்லை' என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு.

கோடையின் தொடக்கத்தில் வெளிப்பட்டை தானாகவே நெகிழ்ந்திருக்கும். கத்தி முனையை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இறக்காமல் நெடுக்காக ஒரே ஒரு கோடு கீறினால், சடசடவென்ற ஒலியோடு பட்டை தானே வாய் திறக்கும். திறக்கவில்லை என்றால் பருவம் தவறிவிட்டது, விட்டுவிடுங்கள். இழுத்துப் பிய்த்தால் உட்பட்டையும் சேர்ந்து வரும். கவனமாக எடுத்த இடத்திலும் வெண்மை திரும்பாது, கறுத்துத் தடித்த வடு வாழ்நாளுக்கும் நிற்கும். ஆகவே வெட்டப் போகும் மரத்திலோ விழுந்த மரத்திலோ எடுப்பதே முறை.

'பிர்ச் சர்க்கரை'யும் பிர்ச் பாகும் ஒன்றா? விலங்கு மருத்துவர் ஒன்றை நாய்க்கு விஷம் என்கிறார்.

மருத்துவர் சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். 'பிர்ச் சர்க்கரை' என்று விற்கப்படுவது சைலிட்டால். பிர்ச் பாகு என்பது மரத்தின் நீரைக் காய்ச்சியது. இரண்டுக்கும் மரத்தின் பெயரைத் தவிர உறவில்லை.

சைலிட்டாலை 1891இல் எமில் ஃபிஷர் உருவாக்கினார். பின்லாந்தில் பிர்ச் கட்டையின் நாரிலுள்ள சைலான் என்ற பொருளை அமிலத்தால் உடைத்து, கிடைத்த சைலோஸ் சர்க்கரையோடு ஹைட்ரஜனைச் சேர்த்து, படிகமாக்கி எடுத்தார்கள். பெயர் அதனால் வந்தது. இன்று பெரும்பகுதி மக்காச்சோளக் கதிரின் தக்கையிலிருந்து வருகிறது. பிர்ச் கலக்காத 'பிர்ச் சர்க்கரை'யும் கடையில் உண்டு என்று பொருள். இனிப்பு சர்க்கரைக்குச் சமம், கிராமுக்கு 2.4 கலோரி. மாவில் போட்டால் ஈஸ்ட் இதை உண்ணாது, மாவு உப்பாது. சூடாக்கினால் உருகுமே தவிரக் கேரமலாகச் சிவக்காது. அளவு மீறினால் மனிதருக்கு வயிற்றுப்போக்கு. நாய்க்கோ உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராமே இன்சுலினைத் திடீரென்று சுரக்கச் செய்து ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். அளவு கூடினால் கல்லீரலும் போகும். 10 கிலோ நாய்க்கு ஒரு கிராமே ஆபத்து, அது ஒரு தேக்கரண்டியில் கால் பங்குகூட இல்லை.

பாகு வேறு கதை. குளிர்காலம் முடிந்து மொட்டு வெடிப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில்தான் நீர் இறங்கும். அடிமரம் குறைந்தது 20 சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், 8 மில்லிமீட்டர் துளை, 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழம். நீர் வெளியே வழிய வேண்டும் என்பதால் உள்முகம் சற்று மேல்நோக்கி இருக்கட்டும். ஒரு மரத்துக்கு ஒரு துளை போதும். நீர் கலங்கி, கசக்கத் தொடங்கினால் மொட்டு வெடித்துவிட்டது என்று அறிந்து நிறுத்துங்கள்.

மேப்பிளில் பழகியவர்கள் இங்கே இரண்டு இடங்களில் தவறுவார்கள். மேப்பிளில் இரவு உறைந்து பகல் உருகும் ஏற்ற இறக்கம் நீரைத் தள்ளும். பிர்ச்சில் வேரின் அழுத்தமே தள்ளுகிறது, எனவே மண் சூடேறிய பிறகே பருவம் தொடங்கும். இரண்டாவது, சர்க்கரை ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான். மேப்பிளில் 40 லிட்டருக்கு ஒரு லிட்டர் பாகு என்றால் இங்கே 100 லிட்டர் வேண்டும். அதிலும் இருப்பது பெரும்பாலும் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். ஃப்ரக்டோஸ் சீக்கிரம் கருகும் என்பதால் பாதிக்கு மேல் வற்றிய பிறகு கொதிக்கவிடாமல் சிறு சூட்டில் வற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டால் கையில் கிடைப்பது கசப்புக் கூழ்தான்.

பிர்ச் எண்ணெய் வாங்கினேன். ஒரு குப்பி வலித் தைலம்போல் மணக்கிறது, இன்னொன்று புகை நாற்றம். எது போலி?

இரண்டும் அசலாக இருக்கலாம். தைல மணம் உள்ளது 'இனிப்பு பிர்ச்' எனப்படும் லென்டாவின் பட்டையில் வடித்தது. கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட். பட்டையில் அந்த எண்ணெய் அப்படியே இருப்பதில்லை. நறுக்கிய பட்டையை வெதுவெதுப்பான நீரில் பல மணி நேரம் ஊறவைத்தால்தான் பட்டையிலுள்ள நொதி வேலை செய்து எண்ணெயை விடுவிக்கும். பிறகே நீராவியில் வடிக்க வேண்டும். எடுத்தவுடன் கொதிக்கவைத்தால் நொதி அழிந்து, எண்ணெய் வெகு குறைவாகவே கிடைக்கும்.

புகை நாற்றம் அடிப்பது பிர்ச் தாரிலிருந்து எடுத்தது. பட்டையைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, அடியில் ஒரு துளை விட்டு, துளைக்குக் கீழே மண்ணில் புதைத்த இன்னொரு கலத்தை வைத்து, மேல் கலத்தைச் சுற்றிலும் தீ மூட்டினால் முதலில் தண்ணீரும் பிறகு கருந்தாரும் இறங்கும். மூட்டுவாயைக் களிமண்ணால் சரியாகப் பூசாவிட்டால் காற்று புகுந்து பட்டை சாம்பலாகிவிடும். தோல் பதனிடவும், கல் முனைகளைக் காம்பில் ஒட்டவும் பயன்பட்ட பசை இதுதான். நியாண்டர்தால் மனிதர்களே இதைச் செய்திருக்கிறார்கள். இத்தாலியின் காம்பிட்டெல்லோவில் கிடைத்த துண்டுகளுக்கு ஏறக்குறைய 2,00,000 வயது.

முதல் குப்பியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். 5 மில்லிலிட்டர் மெத்தில் சாலிசிலேட்டை விழுங்குவது ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரின் விழுங்குவதற்குச் சமம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தோலில் தடவுவதையும் தவிர்க்க வேண்டும்.

'பிர்ச் பிளைவுட்' என்று வாங்கிய பலகையின் விளிம்பில் தடித்த, மென்மையான அடுக்குகள் தெரிகின்றன. ஏமாந்துவிட்டேனா?

மேல்தாள் மட்டும் பிர்ச், உள்ளே பாப்லரோ ஊசியிலை மரமோ. பெயரளவில் அது பொய்யல்ல, ஆனால் நீங்கள் நினைத்த பொருளும் அல்ல. முழுதும் பிர்ச்சால் ஆனதை 'பால்டிக்' அல்லது 'பின்லாந்து' பிர்ச் என்பார்கள். விளிம்பை எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் கனமுள்ள தாள்கள் சமமாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் பலகையில் 9 அடுக்கு, 18 மில்லிமீட்டரில் 13. அதே 18 மில்லிமீட்டரில் ஐந்தோ ஏழோ அடுக்குதான் தெரிகிறது என்றால் பதில் உங்கள் கண்முன் இருக்கிறது. தூக்கிப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். 1,525 மில்லிமீட்டர் சதுரம், 18 மில்லிமீட்டர் கனம் உள்ள முழுப் பிர்ச் பலகை சுமார் 28 கிலோ இருக்கும்.

தரக் குறியில் 'பி/பிபி' என்றால் ஒரு முகம் ஏறக்குறைய மாசற்றது, மறுமுகத்தில் சிறு கணுக்களும் நீள்வட்ட ஒட்டுகளும் இருக்கலாம். 'சி' வந்தால் திறந்த கணு. இது முகத்தின் அழகுக்கான குறிதான். பசையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பசைக்கோடு கரும்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஈரம் தாங்கும் ஃபீனால் பசை. வெளிறியிருந்தால் துண்டு ஒன்றைச் சில மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள், யூரியா பசை பிரிந்துவிடும். பசை எதுவானாலும் மரம் பிர்ச்தான், வெளிப்புறத்தில் விரைவில் உளுக்கும் மரம். நீர் ஏறுவது விளிம்பு வழியாகத்தான். அறுத்த உடனேயே விளிம்புக்கு இரண்டு மூன்று பூச்சு அடியுங்கள்.

சாயம் பூசினால் திட்டுத்திட்டாகப் பிடிப்பது பிர்ச்சின் குணம். 150 அல்லது 180 எண் தாளில் தேய்த்து, மெழுகு நீக்கிய அரக்கு வார்னிஷை நன்றாக நீர்த்து ஒரு கை பூசி, காய்ந்த பிறகு கூழ்ச் சாயம் தடவினால் சீராக வரும். அறுக்கும்போது மேல்தாள் சிம்பாகப் பெயர்ந்தால், வெட்டுக் கோட்டை முதலில் கத்தியால் கீறிவிட்டு, நெருக்கமான பற்கள் உள்ள வட்டரம்பத்தால் அறுங்கள். விளிம்பில் திருகாணி அடிப்பதாக இருந்தால் முன்துளை கட்டாயம், இல்லையென்றால் அடுக்கு இரண்டாகப் பிளக்கும்.

மர வியாபாரி 'சிவப்பு பிர்ச்', 'வெள்ளை பிர்ச்' என்று இரண்டு விலை சொல்கிறார். இரண்டு மரங்களா?

பெரும்பாலும் ஒரே மரத்தின் இரண்டு பகுதிகள். வட அமெரிக்க மர வணிகத்தில் மஞ்சள் பிர்ச்சின், அதாவது 'பெட்டுலா அலெகேனியென்சிஸ்'ஸின், வைரத்தை (நடுமரத்தை) சிவப்பு பிர்ச் என்றும் வெளிறிய சதைமரத்தை வெள்ளை பிர்ச் என்றும் பிரித்து விற்பார்கள். ஒரே மரத்துக்குள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும்! தாவர நூலில் 'சிவப்பு பிர்ச்' என்றால் நைக்ரா. அதனால் வாங்கும்போது இனப்பெயரைக் கேளுங்கள். அலெகேனியென்சிஸ் கன மீட்டருக்கு ஏறக்குறைய 690 கிலோ, பாப்பிரிஃபெரா 610. நாற்காலிக் காலுக்கு இந்த வேறுபாடு பொருட்டானது. 'கரேலிய பிர்ச்' என்பதும் தனிச் சிற்றினம் அல்ல, வெள்ளி பிர்ச்சின் கோலமிட்ட மரக்கட்டை.

பழைய ஆங்கில நாவலில் ஒரு சிறுவனைப் 'பிர்ச் செய்தார்கள்' என்று வருகிறது. என்ன செய்தார்கள்?

அடித்தார்கள். இலை நீக்கிய பிர்ச் மிலாறுகளைக் கட்டாகக் கட்டிப் பிட்டத்தில் அடிக்கும் தண்டனைக்கு மரத்தின் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. மிலாறு மெல்லியது, வளையும், ஒடியாது. ரோமானிய அதிகாரிகளின் பிரம்புக் கட்டுக்கும் இதே மரத்தை பிளினி சொல்கிறார். இங்கிலாந்தில் நீதிமன்றம் விதிக்கும் கசையடி 1948இல் ஒழிந்தது. பிரிட்டனை ஒட்டிய 'ஐல் ஆஃப் மேன்' தீவில் நீடித்தது. அங்கே 1972இல் 15 வயதுச் சிறுவனுக்கு விதித்த மூன்று அடி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய், 1978இல் அது இழிவுபடுத்தும் தண்டனை என்று தீர்ப்பானது.

அதே மிலாறை இலையோடு கட்டினால் பின்லாந்தின் நீராவிக் குளியலில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் கொத்து. மேற்கே அதற்கு 'விஹ்தா', கிழக்கே 'வாஸ்தா'. மொழிபெயர்ப்பவர்கள் கொத்தில் இலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

வேதியியல் பாடத்தில் 'பிர்ச் ஒடுக்கம்' வருகிறது. மரத்திலிருந்து எடுக்கும் பொருளா?

இல்லை, ஆள் பெயர். ஆஸ்திரேலிய வேதியியலாளர் ஆர்தர் பிர்ச் 1944இல் வெளியிட்ட முறை. திரவ அமோனியாவில் சோடியத்தைக் கரைத்து, ஆல்கஹால் உடனிருக்க, பென்சீன் வளையத்தின் மூன்று இரட்டைப் பிணைப்புகளில் ஒன்றை மட்டும் நீக்குவது. கணிதத்தில் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவிக்கப்பட்ட 'பிர்ச்–ஸ்வின்னர்ட்டன்–டையர் ஊக'த்தில் வருபவர் பிரையன் பிர்ச். தரவுகளைக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கும் 1996ஆம் ஆண்டுக் கணினி வழிமுறையின் பெயரோ சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கோவை.

மரம் ஒளிந்திருப்பது எதிர்பாராத வேறோர் இடத்தில். 97ஆம் தனிமம் பெர்க்கீலியம், 1949இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் உருவாக்கப்பட்டது. அந்த ஊர் ஜார்ஜ் பெர்க்லி என்ற தத்துவவாதியின் பெயரைக் கொண்டது. 'பெர்க்லி' என்ற பழைய ஆங்கில இடப்பெயருக்குப் பொருள் பிர்ச் திடல். ஆக, தனிம அட்டவணையில் ஒரு பிர்ச் இருக்கிறது. நாள்காட்டியிலும் இருக்கிறது. லித்துவேனியரின் 'பிர்ஷெலிஸ்' ஜூன், உக்ரைனியரின் 'பெரெசென்' மார்ச், இரண்டும் பிர்ச் மாதங்கள். ஒரே மரம், மூன்று மாத வேறுபாடு.

'ஸ்ப்ரூஸ் கூஸ்' என்ற ராட்சத மரவிமானம் பற்றிப் படித்தேன். அது ஸ்ப்ரூஸ் மரம்தானே?

பெரும்பகுதி பிர்ச். ஹோவர்ட் ஹியூஸின் அந்த விமானத்துக்குப் பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர் அது. ஹியூஸுக்கே பிடிக்காத பெயர். 1947 நவம்பர் 2இல் ஒரே ஒரு முறை பறந்தது. மரத்தின் பெயர் மட்டும் இன்றுவரை தப்பாகவே பறந்துகொண்டிருக்கிறது.

பிர்ச் என்று பெயர் வைத்துக்கொண்டு பிர்ச் அல்லாத மரங்கள் உண்டா?

நிறைய. நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் அங்கே கண்ட தென்கோள பீச் மரங்களை 'பிர்ச்' என்றே அழைத்தார்கள். 'கறுப்பு பிர்ச்' என்ற பழைய பெயர் அப்படி வந்தது. பிறகு 'பீச்' என்று திருத்தினார்கள். இன்று அவை பீச் குடும்பத்திலும் இல்லை, தனிக் குடும்பம். ஆஸ்திரேலியாவில் 'வெள்ளை பிர்ச்' எனப்படுவது 'ஸ்கைசோமெரியா ஓவாட்டா'. கரீபியக் கரைகளின் 'மேற்கிந்திய பிர்ச்' உண்மையில் 'பர்செரா சிமருபா', சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் தரும் மரங்களின் உறவு. அதன் சிவந்த பட்டை உரிந்து தொங்குவதைப் பார்த்து, வெயிலில் சிவந்து தோலுரியும் பயணிகளை நினைத்து 'சுற்றுலாப் பயணி மரம்' என்றும் அழைக்கிறார்கள். இத்தனை பெயர்களில் அதுதான் பொருத்தமானது.

பட்டை உரிகிறது, வெளுப்பாக இருக்கிறது என்பது அடையாளம் ஆகாது. ஆஸ்பெனும் வெளுப்புதான், ஆனால் அதன் பட்டை உரியாது, இலைக்காம்பு தட்டையாக இருப்பதால் சிறு காற்றுக்கும் இலை நடுங்கும். உண்மையான பிர்ச்சுக்குப் பட்டையில் படுக்கைவாக்கில் கோடு கோடான மூச்சுத் துளைகள் இருக்கும். காய்க்கதிரைக் கையில் எடுத்து நசுக்குங்கள். மூன்று மடல் கொண்ட செதில்களும் சிறகு வைத்த நுண்விதைகளுமாகப் பொலபொலவென்று உதிர்ந்தால் பிர்ச். உதிராமல் குட்டிப் பைன் கூம்புபோல் கட்டையாக நின்றால் அது ஆல்டர்.

பிர்ச் மகரந்த ஒவ்வாமை இருக்கிறது. ஆப்பிள் தின்றால் வாய் அரிக்கிறது. பிர்ச் பலகை மேசையையும் தூக்கி எறிய வேண்டுமா?

வேண்டாம். உங்களைத் தொல்லை செய்வது மகரந்தத்திலுள்ள 'பெட் வி 1' என்ற புரதம். ஆப்பிள், பீச் பழம், ஹேசல் கொட்டை, கேரட், செலரி ஆகியவற்றில் அதைப் போன்ற புரதம் இருப்பதால் உடல் ஆள்மாறாட்டம் செய்துகொள்கிறது. ஆப்பிளை வேகவைத்தால் புரதம் சிதைந்து அரிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். செலரிக்கு அந்த உத்தி எப்போதும் பலிப்பதில்லை. தொண்டை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ இது வெறும் வாயரிப்பு அல்ல, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பலகையிலும் சைலிட்டாலிலும் மகரந்தம் இல்லை. ஆல்டரும் ஹேசலும் பிர்ச்சுக்கு முன்பே பூப்பவை, புரதமும் ஒத்தது. எனவே 'பிர்ச் இன்னும் பூக்கவில்லையே' என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

வெப்பமான சமவெளியில் பிர்ச் வளர்க்க ஆசை. முடியுமா?

குளிர்காலமே இல்லாத இடத்தில் வேண்டாம். மொட்டு தூக்கம் கலைய நீண்ட குளிர் தேவை. அது கிடைக்காத மரம் சில வருடம் ஏனோதானோ என்று இலைவிட்டு, தளர்ந்து போகும். குளிர்காலம் உண்டு, கோடைதான் கடுமை என்றால் நைக்ராவை நடுங்கள். வெள்ளைப் பட்டைக்கு ஆசைப்பட்டு வெள்ளி பிர்ச்சை வைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். அதன் வேர் மேலாக ஓடும், மண் சூடேறினால் மரம் வாடும், வாடிய மரத்தைத் துளைப்பான் தேடி வரும். வட அமெரிக்காவின் வெண்கலத் துளைப்பான் வண்டு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று நீர்வழியை அறுத்துவிடும். உச்சிக் கிளை காய்வதும், பட்டையில் ஆங்கில 'D' எழுத்து வடிவத்தில் சிறு துளைகள் தெரிவதும் அதன் அறிகுறிகள். மேல்பாதி காய்ந்த பிறகு மருந்து பயன்படாது.

வேரடியில் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மரச்சீவல் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். வசந்தத்தில் கிளை வெட்டினால் வெட்டுவாயில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், கோடைக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள். விதை போடுவதாக இருந்தால் ஈரமண்ணின் மேல் தூவி, கையால் லேசாக அழுத்தினால் போதும். முளைக்க வெளிச்சம் வேண்டும், மண் போட்டு மூடினால் முளைக்காது.